ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர் கருவி செய்யும் நிறுவனத்தை நடத்தும் நிலைக்கு வந்தது எப்படி?

யாழினி, அறிவியல் நகர், கிளிநொச்சி

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். சொந்த ஊர் முல்லைத்தீவுக் கரையில் உள்ளது. அப்பா நந்திக்கடலில் கம்பு ஊன்றி வள்ளம் தாங்குவதைப் பார்த்தும், இயந்திரம் வராத காலத்தில் பெருங்கடலில் தண்டு வலித்ததை அப்பப்பா சொல்லக் கேட்டும் வளர்ந்தவள்.

அண்மையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் துடுப்பு வலிக்கும் பொறியொன்றைக் கண்டேன். நீண்ட தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் இருக்கை, கைபிடியோடு இணைந்த சங்கிலி, முன்புறத்தில் கூட்டுக்குள் சுழலும் பறப்புச்சில்லு, அதற்கு மேலே ஒரு சிறிய திரை என்று அமைப்பு மிக எளிமையாக இருந்தது. மின்சார வயர் எதுவும் அதிலிருந்து வரவில்லை. கைபிடியை ஒருமுறை இழுத்தவுடன் திரை தானாக விழித்துக்கொண்டு நேரத்தையும் தூரத்தையும் வலுவையும் காட்டத் தொடங்கியது. அதைச் செய்யும் கொன்செப்ட் 2 என்ற நிறுவனத்தைப் பற்றித் தேடியபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிக் டிரைசிகாக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் துடுப்பு வலித்தவர் என்று தெரியவந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் கால்களுக்கு மின்தூண்டல் கொடுத்து இதே வகைப் பொறியில் அவர்களைத் துடுப்பு வலிக்கச் செய்கிறார்கள் என்பதையும் வாசித்தேன். என் தாய்மாமன் 2009 முதல் சக்கர நாற்காலியில் வாழ்பவர் என்பதால் அந்த வரிகளை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

துடுப்பு வலிக்கும் ஒருவரின் வாழ்வு எந்த வழியால் உடலுக்கான கருவிகளைச் செய்யும் தொழிலுக்குப் போய்ச் சேருகிறது? விளையாட்டிலிருந்து அவர் உண்மையில் எதைக் கொண்டுபோகிறார்? மருத்துவக் கருவி நிறுவனமொன்றை நடத்துபவரின் வேலைதான் என்ன? எங்கள் பக்கத்தில் இருந்து ஒருவர் அந்தத் துறைக்குள் போவதற்கு வழி உண்டா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடன் வாசிப்பேன்.

•

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பிள்ளை யாழினி, மிக நல்ல கேள்வி. உயர்தர வகுப்புகளுக்கு நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற வகையில், அந்தப் பொறிக்குள் இருக்கும் பௌதிகத்தின் வழியாகவே அந்த மனிதரின் வாழ்வைச் சொல்ல விரும்புகிறேன்.

டிரைசிகாக்கர் பொறியியல் படித்தவர். அவரும் அவருடைய சகோதரர் பீட்டரும் 1976இல் தொழில் தொடங்கியபோது செய்தது பொறி அன்று, துடுப்பு. அக்காலத்தில் போட்டித் துடுப்புகள் பெரும்பாலும் மரத்தாலானவை. அவற்றுக்குப் பதிலாகக் காபன் நார் போன்ற செயற்கைப் பொருள்களால் இலேசான, விறைப்பான துடுப்புகளைச் செய்து விற்றார்கள். வெர்மொன்ட் மாநிலத்தின் மொரிஸ்வில் என்ற சிற்றூரில்தான் தொழிலை வளர்த்தார்கள். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடுவதால் வள்ளத்தை இறக்க முடியாது. ஆகவே ஒரு சைக்கிளைத் தரையோடு அசையாமல் பொருத்தி, அதன் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து, வழுக்கும் இருக்கையில் அமர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். அந்த முயற்சியே 1981இல் அவர்களுடைய முதலாவது துடுப்புப் பொறியாக வெளிவந்தது. அதில் சுழன்றது ஒரு சைக்கிள் சில்லுத்தான், காற்றைத் தள்ளுவதற்காக அதில் சிறு தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீரில் ஒருவர் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தடை எப்படி ஏறுகிறதோ, ஏறத்தாழ அப்படியே காற்றின் தடையும் ஏறும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்பும் துடுப்புப் பொறிகள் இருந்தன. அவற்றுட் சில, சில்லொன்றின் மேல் பட்டியை இறுக்கி உராய்வினால் தடை கொடுப்பவை. பட்டி சூடேறினால் தடை மாறும். ஆகையால் ஒரு பொறியில் ஒருவர் எடுத்த நேரத்தை இன்னொரு பொறியில் இன்னொருவர் எடுத்த நேரத்தோடு நம்பி ஒப்பிடுவது கடினம். கொன்செப்ட் 2 பொறியின் கணிப்பு முறை இதை அழகாகத் தீர்க்கிறது. வலிப்பவர் ஒருமுறை இழுத்து முடித்து, அடுத்த வலிப்புக்காகக் கைபிடியோடு முன்னே நகரும் சிறு இடைவேளையில் பறப்புச்சில்லு எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதைத் திரைக்குள் இருக்கும் கணினி ஒவ்வொரு வலிப்பிலும் அளக்கிறது. அந்த வேக இழப்பிலிருந்து அந்த நேரத்துக் காற்றின் தடையை அதுவே கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் கிளிநொச்சியின் காற்று அடர்த்தி குறைந்திருந்தாலும், கூட்டுக்குள் தூசி படிந்திருந்தாலும், பனிக்காலத்து வெர்மொன்ட்டில் ஒருவர் வலித்த 2000 மீற்றரும் இங்கே நீங்கள் வலித்த 2000 மீற்றரும் ஒரே அளவுகோலில் நிற்கும்.

வேகத்துக்கும் வலுவுக்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீற்றருக்கு எடுக்கும் செக்கன்களின் மும்மடியால் 2.80ஐப் பிரித்தால் வலு வாற்றில் கிடைக்கும். 500 மீற்றரை 2 நிமிடத்தில் கடந்தால் மீற்றருக்கு 0.24 செக்கன், வலு ஏறத்தாழ 203 வாற்று. அதே தூரத்தை 1 நிமிடம் 45 செக்கனில் கடக்க ஏறத்தாழ 302 வாற்று வேண்டும். 15 செக்கனைக் குறைப்பதற்கு வலுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்க வேண்டியிருக்கிறது. இந்த மும்மடி விதியைப் பாடப்புத்தகத்தில் வாசிப்பதும், தொடையும் நுரையீரலும் எரியும்போது அதை உடலால் அறிவதும் ஒன்றல்ல. டிரைசிகாக்கர் இரண்டாவது வகையில் அறிந்தவர். விளையாட்டு அவருக்கு விடாமுயற்சியைக் கொடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் விடாமுயற்சி உள்ளவர்கள் வயலிலும் கடலிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உடலின் உழைப்பைப் பிழையாகக் காட்டும் ஓர் அளவீட்டை அவரால் ஏற்க முடியவில்லை. கருவி செய்பவராக அவரை ஆக்கியது அந்த ஏற்காமையே என்பது என் கருத்து.

ஒரு விளக்கமும் தேவை. இது விளையாட்டுப் பொறியாகவே பிறந்தது. வைத்தியசாலைகளும் உடற்றொழிலியல் ஆய்வுகூடங்களும் பின்னர் இதை எடுத்துப் பயன்படுத்தின என்றால், அதற்கு முதற்காரணம் அளவீட்டில் இருந்த இந்த நேர்மைதான்.

•

மல்லாவி மகள், ரொறன்ரோ

வணக்கம் யாழினி, வணக்கம் ஐயா. நான் மல்லாவியில் பிறந்து, பள்ளி வயதில் கனடாவுக்கு வந்தவள். பல்கலைக்கழகத்தில் துடுப்பு வலித்தேன். இப்போது இருதயக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் அந்த வழியில் பணமும் படிப்பும் எவ்வளவு பங்கு வகித்தன என்பதையும் தங்கச்சி அறிந்திருக்க வேண்டும்.

துடுப்பு வலிப்பு மேற்குலகில் நீண்ட காலமாக வசதியான பள்ளிகளினதும் பழைய பல்கலைக்கழகங்களினதும் விளையாட்டு. குழந்தை மருத்துவராக உலகப் புகழ் பெற்ற பெஞ்சமின் ஸ்பொக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எண்மர் வள்ளத்தில் தங்கம் வென்றவர், அந்த வள்ளம் யேல் பல்கலைக்கழகத்தினுடையது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இருவர் வள்ளத்தில் தங்கம் வென்ற ரான் லோரியும் ஜக் வில்சனும் கேம்பிரிட்ஜில் வலித்துப் பழகி, சூடானில் பிரித்தானிய நிர்வாக அதிகாரிகளாக இருந்தவர்கள். லோரி அதன் பின்னர் வைத்தியரானார். ஒரு விளையாட்டு வீரர் பின்னாளில் நிறுவனத் தலைவராகிறார் என்றால், அவரோடு அதே வள்ளத்தில் இருந்தவர்கள் வங்கியிலும் சட்டத்திலும் மருத்துவத்திலும் உயர்ந்த இடங்களில் இருக்கிறார்கள் என்பதும் அதில் ஒரு காரணம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வலைப்பின்னல் கிடைப்பதில்லை. அதை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் பேசினால், கிடைக்காதவர்கள் தங்களையே குறைசொல்லிக்கொள்வார்கள்.

ஆயினும் வழி முழுவதும் அடைபட்டதன்று. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் ஸ்கிபரீன் என்ற சிறிய ஊர்க் கழகத்திலிருந்து வந்த போல் ஓடோனவன், 2016இல் வெள்ளியும், டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் தங்கமும் வென்றார். இதற்கிடையே கோர்க் நகரில் மருத்துவமும் படித்து முடித்தார். பிரித்தானியாவின் இமொஜின் கிரான்ட் டோக்கியோவில் 0.01 செக்கனால் வெண்கலத்தை இழந்தார், கேம்பிரிட்ஜில் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார், பாரிஸில் எமிலி கிரேக்குடன் தங்கம் வென்றார்.

ஓர் உடல் நோயாளியின் உடலாக மாறும்போது விளையாட்டு வீரர் கருவிகளை வேறு கண்ணால் பார்க்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற பிரித்தானியத் துடுப்பு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. 2000இல் சிட்னியில் ஐந்தாவது தங்கத்தை அவர் வென்றபோது அவருடைய பயிற்சி நாளில் இரத்தச் சீனி அளப்பதும் இன்சுலின் ஏற்றுவதும் அடங்கியிருந்தன. மூன்று தங்கம் வென்ற பீற் ரீட், 11.68 லீற்றர் நுரையீரல் கொள்ளளவுக்காகப் பேசப்பட்டவர், 2019இல் தண்டுவடத்துக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டதால் மார்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார்.

இனி நிறுவனத்தை நடத்துபவரின் வேலையைச் சொல்கிறேன். வெளியே தெரிவது புதுக் கண்டுபிடிப்பு, உள்ளே நாள் முழுவதும் நடப்பது சான்று சேர்ப்பது. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளை ஆபத்தின் அளவுப்படி மூன்று வகுப்பாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் சட்டத் திருத்தம் 1976இல் வந்தது. நடுத்தர ஆபத்துள்ள கருவிகள் பெரும்பாலும் 510 (கே) என்ற வழியால் போகும். ஏற்கெனவே சட்டப்படி சந்தையிலுள்ள ஒரு கருவியோடு தம்முடையது பாதுகாப்பிலும் பயனிலும் கணிசமாக ஒத்தது என்று அதில் நிறுவ வேண்டும். உயிர் தாங்கும் கருவிகளுக்கு அது போதாது, மனிதர்களில் செய்த சோதனைகளின் முடிவுகளை வைக்க வேண்டும். சர்வதேச நியமங்களில் ஐஎஸ்ஓ 13485 தர முகாமையைச் சொல்கிறது, ஐஎஸ்ஓ 14971 ஆபத்தை எப்படி மதிப்பிடுவது என்று சொல்கிறது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இதைப் பார்க்கிறது.

ஒரு கருவியில் ஒரு சிறு திருகாணியின் பூச்சை மாற்றினாற்கூட, ஏன் மாற்றினோம், யார் சோதித்தார், எந்த அளவுகோலில் சோதித்தார் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரு முறைப்பாடு வந்தால் அந்தக் கருவி எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது, அதே தொகுதியிலிருந்து எந்தெந்த வைத்தியசாலைகளுக்குப் போனது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். தலைவராக இருப்பவர் விற்பனை குறையும் என்று தெரிந்தும் ஒரு தொகுதியைத் திரும்பப் பெறும்படி ஒப்பமிட வேண்டிய நாள் வரும். நிறுவனத் தலைவர் எத்தகையவர் என்பது எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு அன்றுதான் தெரியும். பயிற்சியில் தன் நேரத்தைத் தானே கூட்டிக் குறைத்து எழுதாத பழக்கம் அங்கே உதவும் என்று நம்புகிறேன்.

•

கருவி திருத்துபவர், நெடுங்கேணி

தங்கச்சிக்கும் ஏனையோருக்கும் வணக்கம். நான் அரச வைத்தியசாலைகளில் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளன். மேலே இருவரும் கருவி எப்படிப் பிறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கருவி எப்படிச் சாகிறது என்பதை நான் எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியில் இந்தத் துறைக்குள் வர விரும்பும் ஒருவருக்கு அந்த அறிவே முதல் மூலதனம்.

ஒட்சிசன் செறிவாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன் இருக்கிறது. அந்தக் காற்றை அழுத்தி சியோலைற்று மணிகள் நிரம்பிய குழாய்களுக்குள் செலுத்தும்போது மணிகள் நைதரசனைப் பிடித்துக்கொள்ள, ஏறத்தாழ 93 சதவீத ஒட்சிசன் வெளியே வரும். சியோலைற்றுக்கு ஈரம் ஆகாது. காற்றை உள்ளே எடுக்கும் வடிகட்டி தூசியால் அடைபட்டால் அழுத்தி சூடேறும். எங்கள் பக்கத்தில் கோடையில் செம்மண் தூசி, மாரியில் காற்றெல்லாம் ஈரம். வடிகட்டியைக் கிழமைதோறும் கழுவி உலர்த்திப் போட வேண்டும் என்பதை நோயாளியின் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், பொறி ஓடிக்கொண்டே இருக்கும், மொனிற்றரில் விளக்கும் எரியும், வெளியே வருவது மட்டும் நாளடைவில் வெறும் காற்றாகிவிடும். ஒட்சிசன் அளவைப் பார்க்கும் உணரி இல்லாத மலிவான பொறிகளில் இது யாருக்கும் தெரியாது. ஆசிரியர் ஐயா அளவீட்டின் நேர்மை என்று எழுதியதை வாசித்தபோது என் மனதில் வந்தது இந்தப் பொறிதான்.

நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த மருந்தேற்றும் பம்பிகள் பல ஓர் அறையில் வரிசையாக அடுக்கிக் கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மோட்டரில் எந்தப் பழுதும் இல்லை. பெற்றரி மாத்திரம் போய்விட்டது, அந்த வடிவத்துப் பெற்றரி இங்கே கிடைப்பதில்லை, வேறு பெற்றரியைப் பொருத்தினால் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். இன்னும் சில 110 வோற்றுக்குச் செய்யப்பட்டவை. கையேடு இல்லை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவற்றை வடிவமைத்தவர்களுக்கு, மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் ஓர் இடத்தில், உதிரிப்பாகம் வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒரு தாதியின் கையில் அது இருக்கும் என்ற காட்சி ஒருபோதும் மனதில் வந்திருக்காது.

யாழினி பார்த்த துடுப்புப் பொறியை இதனோடு பொருத்திப் பாருங்கள். திரைக்குச் சாதாரண டோர்ச் பெற்றரி போதும், வலிக்கத் தொடங்கினால் பறப்புச்சில்லின் சுழற்சியிலிருந்தே திரைக்கு மின் கிடைக்கிறது. சங்கிலிக்கு ஏறத்தாழ 50 மணிநேரப் பாவனைக்கு ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும், தண்டவாளத்தைத் துணியால் துடைக்க வேண்டும். சாதாரண சாவிகளால் கழற்றிப் பூட்டலாம். பழைய மாதிரிகளுக்கும் பாகங்கள் விற்கிறார்கள். தானே இருந்து வலித்தவர் செய்த பொருள் என்பது எனக்கு இந்த இடங்களில்தான் தெரிகிறது. நாளைக்குக் காலையில் பயிற்சிக்கு வரும்போது பொறி வேலை செய்யாமல் நின்றால் என்ன ஆகும் என்று அறிந்தவரின் கை அதில் இருக்கிறது.

எங்கள் மக்கள் நன்கு அறிந்த இன்னொரு கருவியும் இப்படிப் பிறந்ததே. ஜெய்ப்பூர்க் காலை 1960களின் இறுதியில் உருவாக்கியவர்கள் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு முறிவு வைத்தியரும். அதற்கு முன் கிடைத்த செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து கதிரையில் அமர்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. சர்மாவுக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு, ஆனால் கைத்திறனும் கண்ணும் இருந்தன. குந்தி அமரவும், வெறுங்காலோடு நடக்கவும், சேற்று வயலில் இறங்கவும் கூடிய இறப்பர்ப் பாதம் அவர்களால் வந்தது. யுத்தத்தில் காலை இழந்து, இன்றும் அந்தக் காலோடு வயலுக்குப் போகிறவர்கள் வன்னியில் எத்தனையோ பேர்.

ரொறன்ரோத் தங்கை வலைப்பின்னல் இல்லை என்று எழுதியது முற்றிலும் சரி. ஆனால் இந்தத் துறையில் வேறொரு வலைப்பின்னல் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சக்கர நாற்காலியில் வாழும் மாமா, அவருடைய நண்பர்கள், அவர்களைப் பார்க்கும் இயன்மருத்துவர்கள், காயத்துக்கு மருந்து கட்டும் தாதியர் ஆகியோர் நாள்தோறும் கருவிகளோடு போராடுபவர்கள். அவர்களுக்கு என்ன தேவை என்பதை அறிய ஒரு வெளிநாட்டு நிறுவனம் பெரும் பணம் செலவிட வேண்டும். உங்களை அவர்கள் தேநீர் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லுவார்கள்.

•

யாழினி, அறிவியல் நகர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அண்ணை எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பம்பிகளைப் பற்றிய பகுதியை இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார்.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. ஒன்று, கால் தசைகளுக்கு மின்தூண்டல் கொடுத்துத் துடுப்புப் பொறியில் வலிக்கச் செய்யும் அமைப்பைக் குறைந்த செலவில் செய்வது. மற்றது, சக்கர நாற்காலியின் மெத்தைக்குள் அழுத்த உணரிகளை வைத்து, ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் அறிவிக்கும் அமைப்பு. முதலாவது என் மனதுக்கு மிக நெருக்கமானது. எதைத் தொடங்கலாம்?

•

மல்லாவி மகள், ரொறன்ரோ

தங்கச்சி, முதலாவதன் மேல் உள்ள விருப்பம் எனக்குப் புரிகிறது. பொஸ்ரனிலுள்ள ஸ்போல்டிங் புனர்வாழ்வு வைத்தியசாலையில் இந்த மின்தூண்டல் துடுப்புப் பயிற்சியைப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறார்கள். செயலிழந்த தொடைத் தசைகளும் உழைப்பில் சேர்வதால், கைகளால் மட்டும் செய்யும் பயிற்சியை விட இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் வேலை கிடைக்கிறது என்பதே அதன் அடிப்படை. முன் தொடைத் தசையைத் தூண்டினால் கால் நீளும், பின் தொடைத் தசையைத் தூண்டினால் மடங்கும், இருக்கை எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து நேரத்தைப் பொருத்த வேண்டும். மின்சுற்று வகையில் உங்களால் செய்யக்கூடியதே.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் நிற்காமல் இருந்தவர்களின் கால் எலும்புகள் மெலிந்திருக்கும், தூண்டலின் விசையிலேயே முறியலாம். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளந்தண்டிலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று உயிராபத்தான அளவுக்கு ஏறலாம். உணர்ச்சி இல்லாத தோலில் மின்வாய் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. எலும்பு அடர்த்தியை அளந்து, வைத்தியரை அருகில் வைத்து, மருத்துவ பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை இது. ஓர் ஆண்டுச் செயற்றிட்டத்தில், அதுவும் அன்புக்குரிய ஒருவரின் உடலில், இதை முயலக் கூடாது. இரண்டாவதை இப்போது எடுங்கள். முதலாவதைப் பட்டத்துக்குப் பின்னர் ஒரு மருத்துவக் குழுவோடு சேர்ந்து எடுங்கள், அப்போது என்னால் இயன்ற ஆவணங்களை எழுத உதவுகிறேன்.

•

கருவி திருத்துபவர், நெடுங்கேணி

நானும் இரண்டாவதையே சொல்வேன். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களை வைத்தியசாலைக்கு மீண்டும் மீண்டும் கொண்டுவருவது படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுந்தான். இருப்பெலும்பு அழுத்தும் இடத்தில் முதலில் ஒரு சிவப்பு மட்டும் தெரியும், நோவு தெரியாததால் அவர் அப்படியே இருப்பார், புண் எலும்பு வரை போய்விடும்.

தொடங்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். மலிவான அழுத்த உணரிகள் நீண்ட நேரச் சுமையிலும் வெப்பத்திலும் தங்கள் அளவை விட்டு நழுவும். எனவே தெரிந்த எடையை மணிக்கணக்கில் மேலே வைத்து, பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேயும் சோதித்து, நழுவலை வரைபடமாக எடுங்கள். மெத்தை வியர்வையிலும் சிறுநீரிலும் நனையும், கழுவக்கூடிய உறை இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அதைக் கிழமைக்குள் ஒதுக்கிவிடுவார்கள். உணரியும் வயரும் தாமே ஒரு மேடாகி அழுத்தினால், தடுக்க வந்த கருவியே புண்ணை உண்டாக்கும். அறிவிப்புச் சத்தமாக வேண்டுமா, அதிர்வாக வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். கோயிலிலும் கூட்டத்திலும் அந்தச் சத்தத்தோடு இருக்க வேண்டியவர் மாமாதான், அவரிடமும் அவருடைய நண்பர்களிடமும் கேளுங்கள். பெற்றரி முல்லைத்தீவுச் சந்தைக் கடையில் வாங்கக்கூடியதாக இருக்கட்டும்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது எழுதுங்கள். கழித்துவிட்ட சக்கர நாற்காலி மெத்தைகள் சில எங்களிடம் உள்ளன. எந்த இடத்தில் பஞ்சு இறுகிப்போயிருக்கிறது என்பதை வெட்டிப் பார்த்தால், உணரிகளை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.